கூம்புத் துளைக்கு எந்தக் கருவி?

யாழ்ப்பாணத்துக் கதிரைகள் பெரும்பாலும் சட்டம் பூட்டியவை. ஆனால் முக்காலியிலும் இங்கிலாந்தின் வின்சர் கதிரையிலும் கால் நேரே பலகையிலுள்ள துளைக்குள் இறங்கும். அந்தத் துளை அடியில் அகன்று மேலே ஒடுங்கியிருந்தால், ஆள் இருக்க இருக்க மூட்டு இறுகும். பிறகு தளர்ந்தாலும் தட்டி இறுக்கலாம்.

எந்தக் கருவியானாலும் முதலில் துறப்பணத்தால் நேர்த்துளை போட வேண்டும். பிறகு பலகையின் அடிப்பக்கமிருந்து அகலப்படுத்த வேண்டும். 40 மி.மீ. தடிப்புப் பலகையில், முழுக்கோணம் 6 பாகை என்றால், முக்கால் அங்குலத் துளையின் அடிவாய் 23 மி.மீ. வரை விரியும். அகலப்படுத்த மூன்று வழிகள் உண்டு.

நகவுளியும் வட்ட அரமும்: செலவில்லை, இரண்டும் பட்டறையிலேயே இருக்கும். ஆனால் சுவர் மேடு பள்ளமாகும், கால் சில இடங்களில் மட்டுமே தொடும். பழைய முக்காலியில் ஒரு காலை மாற்ற இது போதும். புதுக் கதிரைக்கு வேண்டாம்.

மரக்கூம்பில் வாள் அலகு: கடைந்தெடுத்த கூம்பைப் பிளந்து, பழைய வாள் அலகுத் துண்டொன்றைச் செருகிய கருவி. வெட்டாமல் சுரண்டும், மெதுவானது, ஆனால் சுவர் சீராக வரும். கால் நுனியையும் கூம்பையும் ஒரே கடைசல்காரரிடம் ஒரே கோணத்தில் கடையச் சொன்னால் இரண்டும் பொருந்தும்.

இரும்புக் கூம்புக் கருவி: கையால் சுற்றும் துறப்பணத்தில் பூட்டினால் வேகமாக வேலை முடியும். விலை கூட. கடின மரத்தில் அலகு பிடித்து உதறும். குழாய் வாய் சீவும் கருவியை இதற்குப் பதிலாக வாங்கக்கூடாது. அதன் சரிவு மிக அதிகம், நீளமும் போதாது.

எதை எடுப்பது என்பதை மரமும் எண்ணிக்கையும் முடிவு செய்யும். வன்னியிலிருந்து வரும் பாலை, முதிரை இரண்டும் கடினமானவை; அவற்றுக்குச் சுரண்டும் அலகே பாதுகாப்பு. வேம்பில் கதிரை கதிரையாகச் செய்பவருக்கு இரும்புக் கருவி போட்ட காசைத் திருப்பித் தரும். ஒன்றிரண்டு மட்டும் செய்து பார்ப்பவருக்கு என் தெரிவு மரக்கூம்பு. பிழைத்தால் இன்னொன்று கடைந்துகொள்ளலாம்.

6 பாகைச் சரிவில் துளை 1 மி.மீ. கூடினாலே கால் 9 மி.மீ.க்கு மேல் உள்ளே போய்விடும். ஆகவே சில சுற்றுக்கு ஒருமுறை காலை வைத்து, உயரத்தையும் சாய்வையும் பார்க்க வேண்டும். சாய்வு பிசகியிருந்தால் கருவியை மறுபக்கம் சற்று அழுத்திச் சுற்றித் திருத்தலாம்.

கால்கள் சோளகக் காற்றில் நன்றாகக் காய்ந்த பிறகே பூட்டுங்கள். மாரியில் ஈரம் ஏறும்போது அவை ஊதி இறுகும். மேலே ஆப்பு அடிப்பதானால் பலகையின் நாருக்குக் குறுக்காக அடியுங்கள். நார் ஓடும் திசையில் அடித்தால் பலகை வெடிக்கும்.