போர்ட் பிளேயர் டு அகத்தி: 3 மணி நேரப் பயணத்துக்கு எதுக்கு 2 நாள் லீவு?

டிரிப் பட்ஜெட் போடும்போது நம்மில் பலர் முதல்ல செய்யறது, ரெண்டு ஏர்போர்ட் பேரையும் இணையத்துல தட்டி தூரம் பார்க்கிறது. அந்தமான்ல இருக்கிற போர்ட் பிளேயர் (2024-ல் ஸ்ரீ விஜயபுரம்னு பேரு மாத்தினாங்க), லட்சத்தீவுல இருக்கிற அகத்தி, இந்த ரெண்டையும் போட்டா சுமார் 2,240 கி.மீ., பயண நேரம் 3 மணி 20 நிமிஷம்னு வரும்.

இந்த நேரம் வெறும் வகுத்தல் கணக்கு. மணிக்கு 800 கி.மீ. வேகம்னு வச்சா 2 மணி 48 நிமிஷம், ஏறி இறங்க அரை மணி நேரம். அப்படி ஒரு விமானம் நிஜமா ஓடுதான்னு அந்தக் கணக்குக்குத் தெரியாது.

ஓடல. அகத்தி ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர்தான். 180 பேர் போற ஜெட் விமானத்துக்கு அது பத்தாது. ஏடிஆர் மாதிரி புரொப்பெல்லர் விமானம்தான் இறங்கும், அதோட வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். அதனால வழக்கமான ஒரு ரூட் இப்படி இருக்கும்: போர்ட் பிளேயர்–சென்னை சுமார் 1,370 கி.மீ., சென்னை–கொச்சி 520, கொச்சி–அகத்தி 465.

கூட்டிப் பாருங்க, 2,355 கி.மீ. நேர்கோட்டை விட வெறும் 115 கி.மீ.தான் அதிகம்! ஆனா வானத்துல மட்டும் கிட்டத்தட்ட 5 மணி நேரம், 3 விமானம், நடுவுல 2 காத்திருப்பு. அன்னைக்கே அகத்தி விமானம் கிடைக்கலைன்னா கொச்சியில ஒரு ராத்திரி தங்கணும்.

இப்போ காசுக்கு வருவோம். கைக்கு வர்ற சம்பளம் மாசம் ₹40,000, வேலை நாள் 22னு வச்சுக்கங்க. ஒரு நாள் லீவோட மதிப்பு சுமார் ₹1,800. ரூம் ₹1,200, டாக்ஸி, சாப்பாடு ₹900னு போட்டா, அந்த ஒரு ராத்திரி ₹3,900 ஆகுது. (கொச்சி ஏர்போர்ட் இருக்கிறது நெடும்பாசேரியில. எர்ணாகுளத்துல ரூம் போட்டா டாக்ஸிக்கே அழணும்.) தனித்தனியா டிக்கெட் எடுத்து ₹1,500 மிச்சம் பிடிச்சேன்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி இதைக் கழிச்சுப் பாருங்க.

அதைவிடப் பெரிய ரிஸ்க் ஒண்ணு இருக்கு. ஒரே பிஎன்ஆர்ல எடுத்தா, முதல் விமானம் லேட்டாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று விமானம் தர வேண்டியது ஏர்லைன் பொறுப்பு. தனித்தனி பிஎன்ஆர்னா நீங்க 'நோ ஷோ', அவ்வளவுதான். அகத்திக்குப் போறது சின்ன விமானம், சீட்டு கம்மி. அடுத்த சீட்டு என்ன விலைக்குக் கிடைக்கும்னு யாராலும் சொல்ல முடியாது. தனித்தனியாதான் எடுப்பேன்னா, கடைசி விமானத்துக்கு முந்தின நாளே கொச்சி வந்து சேர்ந்துடுங்க.

லட்சத்தீவுக்குள்ள போக நமக்கும் பெர்மிட் வேணும். அது கைக்கு வராம ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் எடுக்காதீங்க.

ஒருவேளை விமானத்தைத் தவறவிட்டுட்டா, மொத்தமும் போச்சுன்னு விட்டுடாதீங்க. அடிப்படைக் கட்டணம் திரும்ப வராட்டியும், அரசு வரிகளையும் யூடிஎஃப் மாதிரி ஏர்போர்ட் கட்டணங்களையும் 'நோ ஷோ' ஆனவங்களுக்கும் திருப்பித் தரணும்னு டிஜிசிஏ விதி இருக்கு. பலர் கேக்கறதே இல்ல. ஏர்லைன் தளத்துல பிஎன்ஆர் போட்டு ரீஃபண்ட் கேளுங்க.