சீன நிலக்காட்சி அச்சுகளில் ஐரோப்பியச் செல்வாக்கு

உயர்தரத்தில் சித்திரம் கற்கும் நான், சென்ற தவணையில் ஒரு புத்தகப் படத்தைப் பார்த்து நிலக்காட்சியொன்று வரைந்தேன். "இது உன்னுடைய படமா, பார்த்துப் போட்டதா?" என்று தோழி கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சீன மரக்கட்டை அச்சுகளைப் பற்றி வாசித்தபோதுதான் அதற்கு விடை கிடைத்தது.

சீன நிலக்காட்சி ஓவியத்தில் பார்வை ஓரிடத்தில் நிற்பதில்லை. அடிவாரம், பாதை, சிகரம் எனப் படத்தினுள் நடந்தவாறே பார்க்கிறோம். ஐரோப்பிய முறையில் பார்ப்பவர் ஓரிடத்தில் நிற்பார். தொலைவு கூடக்கூடப் பொருள்கள் சிறுக்கும். இணைகோடுகள் ஒரு புள்ளியை நோக்கிச் செல்லும். இயேசு சபைத் துறவிகள் கொண்டுவந்த செப்புத்தகட்டு அச்சுப் படங்கள் இம்முறையைச் சீனர்களுக்குக் காட்டின. அரச வானியல் அலுவலகத்தில் அத்துறவிகளுடன் பழகிய ஓவியர் ஜியாவ் பிங்சென், கங்சி பேரரசரின் ஆணைப்படி உழவையும் நெசவையும் 46 காட்சிகளாக வரைந்தார். 1696இல் வெளியான அந்த மரக்கட்டை அச்சு நூலில் வயல்களும் வீடுகளும் தொலைவில் சிறுத்துச் செல்கின்றன.

18ஆம் நூற்றாண்டில் இம்முறை சுசோ நகரின் அச்சுக் கூடங்களுக்கும் பரவியது. அந்நகரின் கால்வாய்களையும் பாலங்களையும் கடைத்தெருக்களையும் காட்டும் பெரிய தாள்கள் அங்கு அச்சாகின. நிழலைக் காட்ட நெருக்கமான கோடுகள் இடப்பட்டன. செப்புத்தகட்டில் கோட்டைக் கீறினால் போதும். அந்தப் பள்ளத்தில் மை தங்கும். மரக்கட்டையிலோ கோடு மேலே நிற்க, சுற்றியுள்ள மரத்தையெல்லாம் செதுக்கி நீக்க வேண்டும். ஒன்றையொன்று வெட்டும் கோடுகளாயின், இடையிலுள்ள ஒவ்வொரு சிறு கட்டத்தையும் தனித்தனியே தோண்ட வேண்டும். கைக்கு எளிதான வழியை விட்டு, அக்கலைஞர்கள் விரும்பி ஏற்ற உழைப்பு இது!

எனினும் அவர்கள் தம்முடையதை இழக்கவில்லை. பல படங்களின் வானத்தில் சீனக் கவிதை நிற்கிறது. சிலவற்றில், மேற்கத்திய தூரிகை முறையைப் பின்பற்றியது என்ற குறிப்பும் உண்டு. கடன் வாங்கியதை மறைக்காமல் படத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இவ்வச்சுகள் யப்பானுக்கும் சென்று, அங்கு இம்முறையில் படங்கள் தோன்ற உதவின.

பிறரிடம் கற்பது குறையன்று. கற்றதை மறைப்பதும், அதனோடு நமது உழைப்பைச் சேர்க்காது விடுவதுமே குறை. இப்போது அந்தப் படத்தின் கீழ், எதைப் பார்த்து வரைந்தேன் என்பதை எழுதிவிட்டேன். அடுத்த படத்தில் என் ஊரின் பாதையையும் சேர்க்கப் போகிறேன்.