மழை நாளில் ஓர் இடம் போதும்

நான்கு வருடங்களுக்கு முன்னால், ஐப்பசியில், சென்னையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். திருநெல்வேலியிலிருந்து நாங்கள் நால்வரும் ரயிலேறினோம். பெரியவளுக்கு அப்போது எட்டு வயது, சின்னவனுக்கு மூன்று. முகூர்த்தம் முடிந்தபின் இரண்டு நாள் கையில் இருந்ததால் மாமல்லபுரம், மெரினா, வண்டலூர், கிண்டி என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தோம். விடிந்தால் மழை. "இவ்வளவு தூரம் வந்துட்டு அறையிலேயே உக்காந்திருக்கவா?" என்று கிளம்பிவிட்டோம்.

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களுக்கு நடந்துபோய்த் திரும்புவதற்குள் எல்லோரும் தொப்பலாக நனைந்துவிட்டோம். மாற்றுத்துணி விடுதி அறையில் கிடந்தது. திரும்பும் வழியெல்லாம் சின்னவன் ஈர சாக்ஸோடு அழுதுகொண்டே வந்தான். மறுநாள் யாரும் எங்கேயும் போகவில்லை. ஊருக்குத் திரும்பும்போது நான் மழையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவள் சொன்னாள்: "மழை பெஞ்சதுக்காம்மா அழுதான்? சாக்ஸு நனைஞ்சதுக்குல்லா அழுதான்."

அவள் சொன்னது எத்தனை சரி என்று பின்னால் போன ஒவ்வொரு பயணத்திலும் பார்த்திருக்கிறேன். குழந்தைகளுக்கு மழை பிடிக்கும். குளிரும் பசியும் காத்திருப்பும்தான் அவர்களை அழவைக்கின்றன. இந்த மூன்றையும் தள்ளிவைத்துவிட்டால், மழை நாளும் நல்ல நாள்தான். அப்படி நாங்கள் கற்றுக்கொண்டவை இவை.

முதலில் வானிலை அறிக்கை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். சென்னைக்குப் பெரும்பங்கு மழை இந்த மூன்று மாதங்களில்தான். காலையில் எழுந்ததும் வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கை நிறத்தைப் பார்த்துவிடுகிறோம். மஞ்சள் என்றால் கிளம்புவோம். ஆனால் கூரையுள்ள இடத்துக்கு மட்டும். ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 செ.மீ. வரை கொட்டக்கூடும், விடுதியிலிருந்து நடக்கும் தூரத்தைத் தாண்டுவதில்லை. சிவப்பு என்றால் அதற்கும் மேல். அறையை விட்டு நகர்வதே இல்லை. இதில் பிள்ளைகளின் கெஞ்சலுக்கு இடமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறோம்.

எந்த நிறமானாலும் மழைக்காலத்தில் கடலில் கால் நனைக்க விடுவதில்லை. தேங்கிய தண்ணீரிலும் நடக்க விடுவதில்லை. அடியில் திறந்த சாக்கடை இருந்தாலும் தெரியாது, அறுந்து கிடக்கும் மின்கம்பியும் தெரியாது. எலிக்காய்ச்சலும் அந்தத் தண்ணீரில்தான் வருகிறது. தவிர்க்க முடியாமல் கால் வைத்துவிட்டால், அறைக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் முதல் வேலை.

பையில் இருக்க வேண்டியவை

குழந்தைக்குக் குடை கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் அது உங்கள் கைக்கு வந்துவிடும். மேல்சட்டை, பேன்ட் என இரண்டாக வரும் மழைக்கோட்டு நல்லது; கை வீசி ஓடலாம். ஷூவைவிட, பின்னால் வார் உள்ள ரப்பர் செருப்பு மேல். ஷூதான் என்றால், இரவில் செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து வையுங்கள். ஈரத்தை நன்றாக இழுத்துவிடும்.

மிக முக்கியமானது ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் உறை. அதில் ஒரு முழுச்செட் உடுப்பு, உள்ளாடை, இரண்டு ஜோடி சாக்ஸ். காற்றை அமுக்கி வெளியேற்றி மூடினால் புத்தகம் அளவுக்குத்தான் இருக்கும். அது விடுதிப் பெட்டியில் அல்ல, தோளில் மாட்டும் பையில் இருக்க வேண்டும். டர்க்கி டவல் வேண்டாம். மெல்லிய ஈரோட்டுத் துண்டு இரண்டு போதும், மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும். பிளாஸ்கில் வெந்நீர், கொறிக்க முறுக்கு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஒரு டப்பா. பசி வந்தபிறகு கடை தேடினால் மழை இரண்டு மடங்காகத் தெரியும்.

எழும்பூரில் ஒரு முழு நாள்

இரண்டாம் முறை சென்னை போனபோது தாளில் ஒரே ஓர் இடம்தான் எழுதினோம்: எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது. நெல்லை எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும் நிலையத்திலிருந்து ஆட்டோவில் சில நிமிடம்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இங்கே காட்சிக்கூடங்கள் ஒரே கட்டடத்தில் இல்லை. வளாகத்துக்குள் தனித்தனியாக நிற்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் ஒவ்வொரு தடவையும் நனைய வேண்டியிருக்கும். நாங்கள் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். விலங்கியல் பகுதியில் தொங்கும் திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே சின்னவன், அப்போது ஐந்து வயது, தலையிலிருந்து வால் வரை அடிமேல் அடி வைத்து எண்ணிக்கொண்டு போனான். பாதியில் எண்ணிக்கை தப்பியது. திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்கினான். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. வெளியே மழை, அடுத்துப் போக வேண்டிய இடமும் இல்லை.

அடுத்து செப்புத்திருமேனிகள். குழந்தைகளுக்குச் சிலை வரலாறு சொன்னால் இரண்டு நிமிடத்தில் கண் வேறெங்கோ போகும். ஒரு கேள்வி கொடுத்தால் நிற்பார்கள். திருவெண்காட்டில் கிடைத்த சோழர்கால அர்த்தநாரீசுவரர் முன்னால் நின்று, "இந்தச் சாமிக்கு எத்தனை கை?" என்றேன். "ரெண்டு." "நாலு." நன்றாகப் பார்க்கச் சொன்னேன். மூன்று! வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு, இடப்பக்கம் உமைக்கு ஒன்று. அதன்பிறகு கேள்வி கேட்கும் வேலையைப் பெரியவள் எடுத்துக்கொண்டாள். "இடது காதும் வலது காதும் ஒண்ணு போலவா இருக்கு?" மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள் என்று அவர்கள் அப்பா சொல்லச் சொல்ல, இருவரும் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுபோனால் இன்னும் அரை மணி நேரம் கூடும்.

மெட்ரோவே ஒரு சுற்றுலா

அன்று மாலை மழை விடவில்லை. எழும்பூர் மெட்ரோவில் ஏறி ஆலந்தூர் வரை போய்த் திரும்பினோம், வேலை எதுவும் இல்லாமல். திருமங்கலம் வரை வண்டி பூமிக்கு அடியில் ஓடுகிறது. கோயம்பேடு வருமுன் மேலே ஏறுகிறது. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த அந்த நொடியில் கண்ணாடி முழுக்க மழை வந்து அறைந்தது. சின்னவன் பின்வாங்கி, அப்புறம் உள்ளங்கையை விரித்துக் கண்ணாடியில் வைத்தான். அந்த ஒரு காட்சிக்காகத் திரும்பும்போதும் சன்னலோரமே நின்றான். நனையாமல் மழைக்குள் போக இதைவிட எளிய வழி நான் அறியவில்லை.

புத்தகமும் நட்சத்திரமும்

இன்னொரு முறை கோட்டூர்புரம். 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பக்கத்திலேயே பிர்லா கோளரங்கம். தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்சிகள் உண்டு. நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால், விளக்கணைந்ததும் பயப்படக்கூடும்; வாசல் பக்கம் உட்காருங்கள். மேகம் மூடிய நாளில் வானத்து நட்சத்திரங்களைப் பார்ப்பது பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி.

எந்த ஊருக்குப் போனாலும் இதே கணக்குதான். மதுரை என்றால் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், அல்லது காந்தி அருங்காட்சியகம். எங்கள் நெல்லைக்கு வந்தால் மாவட்ட அறிவியல் மையம். ஒரு நாளுக்கு ஒன்று. இரண்டாவதைக் கூட்டினால் குளிரும் பசியும் காத்திருப்பும் சேர்ந்துகொள்ளும்.

அறையில் அடைபட்டால்

சிவப்பு எச்சரிக்கை நாளுக்கென்று பித்தளைத் தாயக்கட்டை ஒன்று பையில் இருக்கிறது. செய்தித்தாளின் பின்பக்கம் கட்டம் கிழித்தால், புளியங்கொட்டையோ சட்டைப் பொத்தானோ காய். அப்படி அடைபட்ட ஒரு நாளில் தாயம் ஆடிக்கொண்டே, விடுதியில் சூடாக ரசமும் பொங்கலும் வாங்கி, தரையில் துண்டு விரித்துச் சாப்பிட்டோம். பல்லவன் செதுக்கிய கல்லைப் பற்றிப் பிள்ளைகள் இன்றுவரை பேசியதில்லை. அந்தத் தாய ஆட்டத்தில் அப்பாவின் காயை வெட்டியதைச் சொல்லாத மாதம் இல்லை.

இந்த ஐப்பசியிலும் ஒரு கல்யாணம் வந்தது. நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது சின்னவன் தன் உறையோடு வந்தான். ஏழு வயதாகிறது. உடுப்பை மடித்து வைத்து, மேலே இரண்டு ஜோடி சாக்ஸை அவனே அடுக்கியிருந்தான். உறைமேல் ஏறி உட்கார்ந்து காற்றை வெளியேற்றி, ஜிப்பை ஓரம்வரை இழுத்து மூடினான். "அம்மா, மழை வந்தா எங்க போறோம்?" என்று கேட்டான்.