உவர்க் கிணற்று வீட்டில் மீனும் கீரையும்: தீவக வீடுகளுக்குச் சில குறிப்புகள்

தீவகத்தில் மீனுக்குப் பஞ்சமில்லை. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் விடியப் படகு வந்தால் கறிக்கு வழி பிறந்துவிடும். பஞ்சம் நல்ல தண்ணீருக்கும் பச்சை இலைக்கும்தான். நெடுந்தீவில் சாராப்பிட்டி போன்ற சில இடங்களில் கிணறு இனிக்கும். பல வளவுகளில் உவர். குறிகட்டுவானில் படகேறி வரும் கீரைக்கட்டு வீட்டுக்கு வரும்போது பாதி வாடிவிடும். மீன் தொட்டியின் தண்ணீரைச் செடிக்கு ஏற்றி, அதே தண்ணீரை மீண்டும் மீனுக்கே இறக்கும் அக்குவாபோனிக்ஸ் முறை இங்கே உதவுவது அதனால்தான். மீன் இதில் கொசுறு. காசாவிலும் நிலத்தடி நீர் உவர்தான். அங்கே பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் மொட்டைமாடிகளில் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் இப்படியான தொட்டிகளை அமைத்துக் கொடுத்திருக்கிறது.

1. தொட்டி வாங்குமுன் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 50 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில், மாரியில் 500 மில்லிமீற்றர் பெய்தாலே, சிந்தியது போக 20,000 லீற்றர் பிடிக்கலாம். மீன் தொட்டியும் செடிப் படுக்கையும் சேர்ந்து நாளுக்கு மொத்த நீரில் 1 முதல் 3 சதவீதம் வரை இழக்கும். 1,000 லீற்றர் தொட்டிக்கு நாளுக்கு 30 லீற்றர் என்று வைத்தால், தை முதல் புரட்டாதி வரை ஏறத்தாழ 8,000 லீற்றர் சேமிப்பு வேண்டும். அவ்வளவு இல்லையா? மீன் தொட்டியைச் சிறிதாக்குங்கள். 200 லீற்றர் பீப்பா ஒன்றில் தொடங்கினாலும் ஒரு வீட்டுக் கீரைக்குக் குறைவில்லை.

2. குறையும் தண்ணீரை உவர்க் கிணற்றால் நிரப்பாதீர்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கும். ஒவ்வொரு வாளிக்கும் உப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஆடி ஆவணியில் பயிற்றங்கொடி ஓரம் கருகி நிற்கும். திலாப்பியா அந்த உப்பைத் தாங்கிவிடும் என்பதால் மீனைப் பார்த்து ஏமாறக்கூடாது. கடல்நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் கழித்து விடும் தண்ணீர் இன்னும் மோசம். அதைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

3. நீலப் பிளாஸ்ரிக் பீப்பா வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். எண்ணெய், வினாகிரி, பழச்சாறு என்றால் கழுவி எடுக்கலாம். பூச்சிமருந்தோ அமிலமோ இருந்ததென்றால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். செப்புக் குழாய், பித்தளைத் திருகு எதுவும் தண்ணீரில் படக்கூடாது. செம்பு மீனுக்கு நஞ்சு. பீவீசி குழாய் போதும்.

4. கல் விஷயத்தில்தான் நம்மூர்க்காரர் கவனமாக இருக்க வேண்டும். செடிப் படுக்கைக்கு மண் கிடையாது, சல்லிக்கல் நிரப்புவோம். நெடுந்தீவில் வேலிக்கு அடுக்கிய முருகைக்கல் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறதே என்று உடைத்துப் போட ஆசை வரும். அது முழுக்கச் சுண்ணாம்பு. யாழ்ப்பாணத்துக் கற்களில் பெரும்பாலானவையும் அப்படித்தான். தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்து காரத்தன்மை ஏற, செடியின் வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் போகும். சோதனை எளிது: கல்லைக் கழுவித் துடைத்து, அதன் மேல் சில துளி வினாகிரி விடுங்கள். நுரைத்துச் சீறினால் சுண்ணாம்புக்கல். பேசாமல் இருந்தால் கருங்கல். ஒரே குவியலில் இரண்டும் கலந்திருக்கும், அதனால் பத்துப் பன்னிரண்டு கல்லிலாவது பாருங்கள். கருங்கல் சல்லி பெருநிலப் பகுதியிலிருந்து வர வேண்டும், கூலி கூடும், ஒருமுறை செலவுதான். அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை நல்லது. கலங்கல் போகும் வரை அலசிய பிறகே நிரப்புங்கள்.

5. படுக்கையின் ஆழம் ஓர் அடி. மீன் தொட்டி 1,000 லீற்றர் என்றால் படுக்கை 500 முதல் 1,000 லீற்றர் வரை இருக்கலாம். மணிக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீர் முழுவதும் சுற்றிவரும் அளவுக்கு மோட்டர் போடுங்கள். 15 நிமிடம் ஓடி 45 நிமிடம் நிற்குமாறு ரைமர் வைப்பதென்றால் அதற்கேற்பப் பெரிய மோட்டர் தேவை. தண்ணீர் வடியும்போது வேருக்குக் காற்றுக் கிடைக்கும். தானாக வடிக்கும் மணிச் சைபனைப் பலரும் பெருமையாகக் காட்டுவார்கள். எனக்கு ரைமர்தான் நம்பிக்கை.

6. நெடுந்தீவு, நயினாதீவு மின்சாரம் நெடுங்காலம் டீசல் இயந்திரத்தை நம்பியிருந்தது. இத்தொட்டிக்கு மின்வெட்டுத்தான் யமன். மீன் நிறைந்த தொட்டியில் மோட்டர் நின்றால் சில மணி நேரத்திலேயே மீன் மேலே வந்து வாய் பிளக்கும். 12 வோல்ற் மோட்டர், சிறு சோலர் தகடு, பழைய மோட்டார் சைக்கிள் பற்றரி, அதில் ஓடும் காற்று மோட்டர்: இந்த நான்கும் இருந்தால் நிம்மதி. ஒன்றும் இல்லாத இரவில் வாளியால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள்.

7. மீனுக்குத் திலாப்பியாவே சரி. 1952இல் இலங்கைக் குளங்களுக்கு வந்த மீன். நம்முடைய வெயிலும் அதற்கு ஒத்துவரும். நக்டா எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையில் குஞ்சுகள் பற்றி விசாரிக்கலாம். ஆண் குஞ்சுகள் மட்டும் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் பெருகித் தொட்டியை அடைத்துவிடும். 1,000 லீற்றருக்கு 20 முதல் 30 குஞ்சு போதும். குஞ்சுப் பையை அப்படியே தொட்டியில் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து திறவுங்கள். கூடிப்போன குஞ்சுகளை ஊர்க் குளத்தில் விடாதீர்கள்; அங்குள்ள சொந்த மீனைத் துரத்திவிடும்.

8. முதல் ஆறு வாரம் பொறுமை. மீன் கழிவிலிருந்து அமோனியா வரும். அதை ஒருவகை நுண்ணுயிர் நைத்திரைற்றாக மாற்றும், இன்னொருவகை அதை நைத்திரேற்றாக மாற்றும். செடிக்கு உரம் அந்தக் கடைசிப் பொருள்தான். முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. அந்த உயிர்கள் கல்லில் குடியேறும் வரை நாலைந்து குஞ்சுகளை மட்டும் விட்டு, சிட்டிகை தீன் போடுங்கள். அலங்கார மீன் விற்கும் கடையில் சோதனைத் துளிமருந்து வாங்கி வைத்தால் கண்ணால் பார்க்கலாம். கிணற்று உவர் இங்கே மட்டும் உதவிக்கு வரும்: தண்ணீரில் கொஞ்சம் உப்பிருந்தால் நைத்திரைற்று மீனின் இரத்தத்தில் ஏறுவது குறையும்.

9. தீனை ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்குமளவு போடுங்கள். வளர்ந்த மீன் 10 கிலோ இருந்தால் நாளுக்கு ஏறத்தாழ 150 கிராம். அது 3 சதுர மீற்றர் கீரைக்கு உரமாகும். மீதமாகும் சோற்றைக் கொட்டுவது வேண்டாம், அழுகி நாறும்.

10. முதலில் கங்குன், பசளி, பொன்னாங்காணி. இவை முறித்து நட்டாலே வேர் பிடிக்கும், வெட்ட வெட்டத் தளிர்க்கும். பச்சை மிளகாயும் தக்காளியும் மூன்றாம் நான்காம் மாதத்தில், மீன் பருத்த பிறகு. கரட், பீற்றூட் கல்லுக்குள் கோணிப்போகும்.

11. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. விவசாயக் கடையில் தண்ணீரில் கரையும் இரும்பு உரம் கேளுங்கள். மழைத் தண்ணீரில் மாறாகவும் நடக்கும்: மாதங்கள் போகப்போக அமிலம் ஏறும். அளவுத்தாளில் பீ.எச். 6க்குக் கீழே காட்டினால், நாலாம் குறிப்பில் விலக்கிய அதே சுண்ணாம்பு மருந்தாகும். கடற்கரைச் சிப்பி ஒரு பிடியை நல்ல தண்ணீரில் கழுவி, துணிப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிடுங்கள். 7ஐத் தொட முன் வெளியே எடுத்துவிடுங்கள்.

12. சோளகக் காற்று கடலுப்பை அள்ளி வந்து இலையில் பூசும். தென்மேற்குப் பக்கம் கிடுகோ பனையோலையோ கட்டி மறையுங்கள். தொட்டிக்கு மேலும் கிடுகு போட்டால் பாசி பிடிக்காது, ஆவியாவதும் குறையும். கொக்குக்கும் காகத்துக்கும் பழைய வலைத்துண்டு போதும். அது இல்லாத தீவு வீடு ஏது?

13. பூச்சிக்கு மருந்து தெளித்தால் மீன் சாகும், வேப்பெண்ணெயும் அப்படித்தான். அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சி உதிர்த்தால் மீன் தின்னும். மழைநீர்த் தொட்டியில் மீன் இல்லாததால் நுளம்பு முட்டையிடும். வாயை நுண்வலையால் கட்டுங்கள்.

14. ஆறேழு மாதத்தில் மீன் சட்டிக்கு ஆகும். பிடித்து, சுத்தமான தண்ணீரில் இரண்டு மூன்று நாள் தீன் போடாமல் விட்டால் சேற்று மணம் போய்விடும். அந்தத் தண்ணீர் முருங்கைக்கு. மஞ்சளும் பழப்புளியும் கூட்டி வைத்த குழம்பு சோற்றுக்கு நன்று. ஒடியற் கூழுக்கு மட்டும் இதைப் போடாதீர்கள். அதற்குக் கடல் மீனும் நண்டும்தான்.