அணை நீருக்கு மதிப்பிடப் புகும் இளைஞருக்கு

பாசனப் பொருளியலில் புதிதாகக் கால்வைக்கும் இளைஞருக்கு,

தேக்கிய நீரின் மதிப்பைக் கணிக்கப் புகுபவர், விளைச்சலின் விலையிலிருந்து விதை, உரம், கூலி முதலிய செலவுகளைக் கழித்து, மிஞ்சிய தொகையைப் பாய்ந்த நீரின் அளவால் வகுக்கும் எச்ச மதிப்பு முறையையே முதலில் கற்கிறார். அம்முறை பிழையன்று, ஆனால் அது தருவது சராசரி மட்டுமே. அணையைத் திறப்பதா, மூடி வைப்பதா என்று முடிவெடுப்பவருக்கு வேண்டியதோ இறுதிநிலை மதிப்பு, அதாவது, குறிப்பிட்ட ஒரு பகுதி நீர் இல்லாது போனால் எவ்வளவு விளைச்சல் குறையும் என்னும் கணக்கு.

1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, நீர்மட்டம் 120 அடியை எட்டும்போது 93.47 டி.எம்.சி. கொள்ளும், ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. நெல்லுக்கு நடவு முதல் அறுவடை வரை நான்கடி உயர நீர் வேண்டும் என்று கொண்டால், வழியிழப்பைச் சேர்க்காமலே, ஒரு டி.எம்.சி. சுமார் 5,740 ஏக்கருக்குத்தான் போதும். அதே நீரைக் கதிர் வெளிவரும் தறுவாயில் வாடி நிற்கும் வயல்களுக்கு இரண்டங்குலம் பாய்ச்சினால் 1,37,000 ஏக்கருக்கு மேல் நனையும். அப்பருவத்தில் நீர் தவறினால் மணி பிடிக்காமல் பதராகும் என்பதால், அதுவரை வயலில் இட்ட செலவு முழுவதும் அந்த ஒரு பாய்ச்சலையே நம்பி நிற்கிறது.

அதற்காக மூடி வைப்பதே மேல் என்றாகிவிடாது. ஆவியாவது ஒருபுறமிருக்க, மேட்டூருக்கு மேலுள்ள கர்நாடக அணைகளான கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் ஆடியில் நிரம்பி வழியும் ஆண்டில், வழக்கமான திறப்பு நாளான ஜூன் 12-இல் திறக்காமல் காத்த நீர் கொள்ளிடம் வழியே கடலில் கலந்துவிடக்கூடும். அவை நிரம்பாத ஆண்டிலோ அதே நீர், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் சம்பாவைக் காக்கும். ஆகவே வரத்து எப்படியிருக்கும் என்னும் வாய்ப்புகளையும் எடைபோடாத மதிப்பீடு அரைகுறையே.

வாய்க்காலில் கசிவதையெல்லாம் இழப்பென்று எழுதுவதும் அவசரம். அதில் ஒரு பகுதி ஆழ்துளைக் கிணறுகளில் திரும்பக் கிடைக்கிறது, கடலோர உவர்மண்ணில் இறங்கியது மட்டும் பயன்படாது. உழவர் செலுத்தும் நீர்வரியை மதிப்பாகக் கொள்வதோ வேடிக்கையே. கடைமடையில் டீசல் எஞ்சினை வாடகைக்கு அமர்த்தி இறைப்பவர் மணிக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்பது அதைவிட மெய்யான சான்று. அதைக் கேட்டறிய மதிப்பீட்டாளர் அந்த வரப்புவரை நடந்தாக வேண்டும். அறிக்கை எழுத அமரும்போது, டி.எம்.சி.க்கு இத்தனை ரூபாய் என்பதற்கு முன்னால், அது எந்தத் தேதிக்கான மதிப்பு என்பதைக் குறித்துவிடுக.