முற்றத்துக் கல்லும் மழையும்

கேரளத்தில் இடுக்கி மாவட்டம் மலைநாடு. அங்கே மழை அதிகம். ஜூன் மாதம் தொடங்கும் மழை செப்டம்பர் வரை பெய்யும். ஐப்பசியில் மறுபடியும் வரும். அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. சிலர் கொத்து வேலைக்கும் போகிறார்கள்.

அப்படி ஒரு கணவன், மனைவி. கணவர் கொத்தனார். மனைவி சித்தாள். மனைவி அறிவொளி வகுப்பில் படித்தவர். இப்போது கணக்கு நோட்டு அவர் கையில்தான் இருக்கிறது.

ஒரு டீச்சர் வீட்டு முற்றத்தில் இருவரும் கல் பதித்தார்கள். அது தாண்டூர் கல். தெலங்கானாவிலிருந்து லாரியில் வருகிறது. பார்க்க அழகாக இருக்கும். வேலை முடிந்தது. மழையும் பிடித்துக்கொண்டது.

ஆவணி பிறந்தது. ஓணம் பண்டிகைக்குப் பத்து நாள்தான் இருந்தது. அன்று மழை சற்று விட்டது. டீச்சர் ஆள் அனுப்பி இருவரையும் வரவழைத்தார்.

"கல் எல்லாம் பாசி பிடிக்கிறது. நேற்று என் அம்மா வழுக்கி விழப் பார்த்தார். சீலர் வாங்கி வைத்திருக்கிறேன். இன்றைக்கே அடித்துவிடுங்கள்" என்றார்.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். இன்று அடித்தால் இன்றே கூலி கிடைக்கும். வீட்டில் அரிசி வாங்க வேண்டும்.

மனைவி மெதுவாகச் சொன்னார்: "என்னங்க, போன வருஷம் நடந்தது மறந்துபோச்சா?"

கொத்தனார் மறக்கவில்லை. போன வருடம் வேறொரு வீட்டில், மழை விட்ட மறுநாளே பளபளப்பான சீலர் அடித்தார்கள். இரண்டு வாரத்தில் கல் முழுவதும் வெள்ளை பூத்தது. தோல் உரிவதுபோல் பூச்சு உரிந்தது. அதைச் சுரண்டி எடுக்க நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளுக்கும் கூலி இல்லை.

ஏன் அப்படி ஆனது?

கல் பார்க்கத்தான் கெட்டி. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உண்டு. மழை நீர் அதில் இறங்கும். மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அதன்மேல் பூச்சு போட்டால் ஈரம் வெளியேற வழியில்லை. உள்ளேயே அடைபட்டுப் பூச்சை வெண்மையாக்கும். பிறகு பூச்சைத் தள்ளி உரித்துவிடும்.

"கல் காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டார் டீச்சர்.

மனைவி ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்தார். அதைக் கல்மேல் விரித்தார். நான்கு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டினார். "நாளைக் காலையில் பாருங்கள், டீச்சர்" என்றார்.

இரவில் மழை இல்லை. ஆனாலும் காலையில் தாளின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாக நீர் நின்றது.

"கல்லுக்குள் இவ்வளவு ஈரமா!" என்று டீச்சர் வியந்தார்.

சீலர் டப்பாவில் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. மனைவிக்கு எண்கள் தெரிந்தன, சொற்கள் தெரியவில்லை. அவர் வெட்கப்படவில்லை. "டீச்சர், இதைப் படித்துச் சொல்லுங்கள். நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன்" என்றார். டீச்சர் படித்தார். கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பூசிய பின் 24 மணி நேரம் மழை படக்கூடாது. மனைவி இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"சரி, தை மாதம் அடிக்கலாம். ஆனால் அதுவரை அம்மா வழுக்கி விழாமல் இருக்க வேண்டுமே?" என்றார் டீச்சர்.

கொத்தனார் சொன்னார்: "டீச்சர், சீலர் தண்ணீரும் கறையும் கல்லுக்குள் இறங்குவதைக் குறைக்கும். வழுக்கலை நிறுத்தாது. பளபளப்பான பூச்சு போட்டால் மழையில் இன்னும் அதிகமாக வழுக்கும். வழுக்கலுக்குக் காரணம் பாசி. பாசிக்குக் காரணம் தேங்கும் தண்ணீர்."

இருவரும் முற்றத்தைப் பார்த்தார்கள். ஒரு மூலையில் தண்ணீர் தேங்கி நின்றது. அங்கே நான்கு கல்லை எடுத்தார்கள். வாட்டம் சரிசெய்து மறுபடி பதித்தார்கள். பத்து அடி நீளத்துக்கு 2 அங்குலம் சரிவு கொடுத்தார்கள். கெட்டித் துடைப்பத்தால் பாசியைத் தேய்த்துக் கழுவினார்கள். அந்த வேலைக்கு டீச்சர் அன்றே கூலி கொடுத்தார்.

டீச்சர் வீட்டு வேலையாள் ஆசிட் பாட்டிலை எடுத்து வந்தார். கொத்தனார் தடுத்தார். "தாண்டூர் கல், கோட்டா கல், கடப்பா கல் எல்லாம் சுண்ணாம்புக் கல் வகை. ஆசிட் பட்டால் நுரைத்து அரித்துப் போகும்" என்றார்.

தை பிறந்தது. பல நாள் மழை இல்லை. பிளாஸ்டிக் தாளின் அடியில் ஒரு துளி நீர் இல்லை. இருவரும் சீலர் அடித்தார்கள். இப்போது வாங்கியது கல்லுக்குள் இறங்கும் சீலர். அது மேலே தோல்போல் படியாது. உள் ஈரம் ஆவியாகி வெளியேற வழிவிடும். மழை அதிகமுள்ள ஊருக்கு அதுவே ஏற்றது.

மறுநாள் மாலை டீச்சர் கல்லின்மேல் தண்ணீர் தெளித்தார். தாமரை இலைமேல் நிற்பதுபோல் நீர் உருண்டு நின்றது. அவருடைய அம்மா கைத்தடி ஊன்றி முற்றத்தில் நடந்து பார்த்தார்.

நினைவில் கொள்வோம்

1. முதலில் கல்லின்மேல் தண்ணீர் தெளியுங்கள். சில நிமிடத்தில் கல் கறுத்தால் அது நீரைக் குடிக்கிறது, சீலர் தேவை. நீர் உருண்டு நின்றால் இப்போது தேவையில்லை.
2. கழுவிய பின் கல்லை நன்றாகக் காயவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் வைத்துச் சோதியுங்கள்.
3. ஒரு மூலையில் சிறிது பூசிப் பாருங்கள். நிறம் பிடித்தால் மட்டும் முழுவதும் பூசுங்கள்.
4. உச்சி வெயிலில் பூச வேண்டாம். மெல்லியதாகப் பூசுங்கள். கல் குடிக்காமல் மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.
5. கையுறை போடுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு, நெருப்பு கூடாது.
6. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். உயிருக்கே ஆபத்து.
7. சீலர் போட்டாலும் மழைக்காலத்தில் பாசியைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

கணக்குப் போடுவோம்

ஒரு முற்றம் 20 அடி நீளம், 15 அடி அகலம். ஒரு லிட்டர் சீலர் 50 சதுர அடிக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை லிட்டர் வாங்க வேண்டும்?

20 × 15 = 300 சதுர அடி
300 ÷ 50 = 6 லிட்டர்

உங்கள் வீட்டு வாசலை அளந்து நீங்களும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பேசுவோம்

1. அன்றே சீலர் அடித்திருந்தால் யாருக்கெல்லாம் நட்டம்?
2. தெரியாததைக் கேட்க மனைவி வெட்கப்படவில்லை. நீங்கள் அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டது என்ன?