இரைச்சல் நின்றால் காது தேறிவிட்டதா?

விநாயகர் சிலைகளைக் கரைக்க பெங்களூருவின் அல்சூர் ஏரிக்கு ஊர்வலங்கள் வரும் இரவுகளில் தமட்டையும் ஸ்பீக்கர் பெட்டியும் நெஞ்சுக்கூட்டையே அதிரவைக்கும். பெட்டியின் பக்கத்திலேயே ஆடிவிட்டு வீடு திரும்பும் பிள்ளைகளுக்குக் காது அடைத்திருக்கும், உள்ளே ‘கொய்ங்’ என்று இரையும். “படுத்து எழுந்தா சரியாயிடும்” என்பார்கள் பெரியவர்கள். ஓரிரு நாளில் பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. அதனால்தான் இந்த நம்பிக்கை அசைவதில்லை.

இரைச்சல் நிற்பது உண்மைதான். காது முழுதாகத் தேறியதற்கு அது சான்று ஆகாது.

உட்காதின் சுருளுக்குள் சுமார் 3,500 உள்வரிசை உரோம செல்கள் இருக்கின்றன. ஒலி அதிர்வில் அவற்றின் நுனி இழைகள் சாயும். செல்லுக்குள் கால்சியம் நுழையும். அடிப்பக்கத்தில் குளூட்டமேட் என்ற வேதித்தூதர் வெளிப்படும். எதிரே இருக்கும் நரம்பு நுனி அதை வாங்கிக்கொண்டு மூளைக்கு மின்சைகை அனுப்புகிறது. காதில் விழும் ஒவ்வொரு சொல்லும் இப்படித்தான் போய்ச் சேர்கிறது. சத்தம் அளவு மீறினால் குளூட்டமேட்டும் அளவு மீறிக் கொட்டுகிறது. நரம்பு நுனிகள் நீர் கோத்து வீங்குகின்றன. செல்லோடு இருந்த இணைப்பே அறுந்துவிடுவதும் உண்டு.

பாஸ்டனில் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கண்ணுக்கெதிரே வைத்தது. 100 டெசிபெல் சத்தத்தைச் சுண்டெலிகள் 2 மணி நேரம் கேட்டன. கேட்கும் திறன் பிறகு பழைய அளவுக்குத் திரும்பியது. உரோம செல்களும் சாகவில்லை. ஆனால் உயர்சுருதி ஒலிகளுக்கான பகுதியில் ஏறக்குறைய பாதி இணைப்புகள் போய்விட்டிருந்தன. மனிதரில் இதை இவ்வளவு துல்லியமாக நிறுவுவது கடினம். இருந்தும், இறந்தவர்களின் உட்காதுகளை ஆராய்ந்தபோது, உரோம செல்கள் எஞ்சிய இடங்களிலும் நரம்பிழைகள் குறைந்திருந்தன.

கேட்புச் சோதனையில் “ஆடியோகிராம் நார்மல்” என்று வருவதும் முழுப் பதில் அல்ல. அமைதியான அறையில் மெல்லிய ‘பீப்’ ஒலியைக் கேட்க மிச்சமுள்ள நரம்பிழைகளே போதும். சந்தை இரைச்சலில் எதிரே நிற்பவர் பேச்சைப் பிரித்தறிய அவை போதாமல் போகலாம்.

அஜினமோட்டோவிலும் குளூட்டமேட் உண்டு, அதனால் காது நரம்பு கெடும் என்றொரு பயம். உணவில் வரும் குளூட்டமேட்டில் பெரும்பகுதி குடலிலேயே செலவாகிவிடுகிறது. காதில் எண்ணெய் விட்டால் சரியாகும் என்பதும் வீண் நம்பிக்கை. அந்த எண்ணெய் செவிப்பறையைத் தாண்டாது; நரம்பு அதற்கும் அப்பால் இருக்கிறது.

ஊர்வலத்துக்குப் போங்கள், ஆடுங்கள். ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி நில்லுங்கள்; வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் சுமார் 6 டெசிபெல் குறையும். பிள்ளைகளுக்கு மெடிக்கல் கடையில் கிடைக்கும் நுரை (ஃபோம்) காதடைப்பானை வாங்கிக் கொடுங்கள். ஒரு காது திடீரென்று மந்தமானால் தூங்கி எழக் காத்திருக்காமல் உடனே இ.என்.டி. டாக்டரிடம் போங்கள்.